விடச் சொல்லும் வரைக்கும்

பேய், ஆவி என்று யாராவது என்னுடைய டயர் கடைக்கு வந்து கதை தொடங்கினால் நான் காற்றடிக்கிற கொம்ப்ரஸரைப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்துக்கு மேலே மனிதனும் கதைக்க முடியாது, ஆவியும் கதைக்க முடியாது. அப்படிப்பட்ட ஒருவன்தான் இதை எழுதுகிறேன் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாமல் விடுவதும் உங்கள் பாடு.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்கவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. குருநகரிலிருந்து கொழும்புக்கு வரும்போது என்னிடம் இருந்தது உடுத்திருந்த ஒரு சாரமும் இரண்டு கையும். கொட்டாஞ்சேனையில் ஒரு டயர் கடையில் ரியூப் ஒட்டப் பழகி, பிறகு சொந்தமாக ஒரு கடை போடப் பார்த்தபோது எனக்குக் கட்டுப்படியான வாடகைக்குக் கிடைத்தது ஒரேயொரு இடம்தான். அங்கே முன்பு ஒருவர் தூக்குப் போட்டுச் செத்தாராம், ஒருத்தரும் எடுக்க மாட்டார்களாம். நான் எடுத்தேன். அவர் தொங்கிய அதே கூரை வளையில் கொடி கட்டிச் சாரம் காயப்போட்டேன், அதற்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தேன், ஒரு நுளம்பு கடித்ததைத் தவிர எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கடையும் என்னுடையது, கொலன்னாவையில் எண்ணெய் ஏற்றுகிற பவுசர் லொறிகளுக்கு டயர் மாற்றுகிற இன்னொரு கடையும் என்னுடையது. பெரிய லொறி டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காற்று விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஜெசிந்தாவுக்கு இருமல் பிடித்தது. முதலில் கொத்தமல்லி அவித்துக் குடித்தாள், பிறகு பார்மசியில் பாணி மருந்து வாங்கிக் குடித்தாள், இருமல் போகவில்லை. கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கும். கட்டிலில் சரிந்து படுக்க முடியாமல் மூன்று தலையணை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே நித்திரை கொண்டாள். அவளுடைய அக்கா செத்துப்போனதும் நெஞ்சில் வந்த நோயால்தான், அதுவும் இப்படி ஒரு இருமலில் தொடங்கியதுதான். எனக்கும் அவளுக்கும் அதுவே நினைப்பு. ஒரு நாள் மத்தியானம் வான் வண்டியை எடுத்துக்கொண்டு அவளை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பெயர் எழுத மாட்டேன், அந்த ஆட்கள் என்னிடம் நல்லபடிதான் நடந்துகொண்டார்கள்.

டொக்டர் எங்கள் இரண்டாவது மகளின் வயது. தமிழ்ப் பெண்பிள்ளை. ஜெசியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது, ஆனால் கண் மட்டும் ஜெசியின் நெஞ்சில் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, நீங்கள் நாடி பாக்கேல்ல. மூச்சை எண்ணுறியள்."

"ஷ்ஷ், அங்கிள்! எண்ணுறன் எண்டு தெரிஞ்சா ஆரும் மூச்சை மாத்திப்போடுவினம். இப்ப பாருங்கோ, அன்ரி மாத்திட்டா. நான் முதல்ல இருந்து எண்ணவேணும்."

"இவருக்கு வாய் சும்மா இருக்காது டொக்டர்," என்றாள் ஜெசி, மூச்சு வாங்கிக்கொண்டு.

பிறகு டொக்டர் பிள்ளை ஜெசியின் முதுகில் ஒரு கையை விரித்து வைத்து, மற்றக் கையின் விரலால் அதற்கு மேலே தட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வந்தது. டொம், டொம், டொம் என்று வந்த சத்தம் வலது பக்கம் கீழே வந்ததும் தக் என்று நின்றது. நான் கதிரையில் இருந்தபடியே, "அதில காத்தில்ல," என்றேன். "அதைத்தான் அங்கிள் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்றது அந்தப் பிள்ளை, காதில் மாட்டிய குழாயை அதே இடத்தில் வைத்தபடி. அடுத்ததாக நல்லாக மூச்சை இழுத்து, இடையில் எடுக்காமல் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னது. ஜெசி பன்னிரண்டில் இருமிவிட்டாள். எப்படி எண்ணுவதென்று அவளுக்குக் காட்டுவோம் என்று நானும் இழுத்து எண்ணினேன், நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"அங்கிள், நோயாளி நீங்களில்ல," என்றது டொக்டர் பிள்ளை. ஜெசிக்குச் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பே இருமலாகிவிட்டது.

விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும், கொரோனா காலத்தில் எல்லாருடைய வீட்டிலும் ஒன்று கிடந்ததே. இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிஜன் என்று சொல்லுகிற அது, தொண்ணூற்றொன்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாதாம்.

"நெஞ்சில தண்ணி சேர்ந்திருக்கலாம் அங்கிள். வேற ஏதாவதாகவும் இருக்கலாம். படம் எடுத்தாத்தான் சொல்லலாம். இந்த நம்பர் இன்னும் இறங்கினா அன்ரியை இண்டைக்கே வாட்டில மறிச்சுப்போடுவன்."

அந்த 'வேற ஏதாவது' என்ற சொல்லோடு ஜெசி என் கையைப் பிடித்தவள்தான், எக்ஸ்ரே அறை வாசல் வரைக்கும் விடவில்லை.

எக்ஸ்ரே அறை கீழ்மாடியில், கட்டிடத்தின் பின்பக்கம். அதற்கு அப்பால் ஒரு மதில், மதிலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். அறைக்கு ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. உள்ளே சுவரோடு ஒரு பலகை, அதில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூலையில் ஈயத்தால் செய்த ஒரு மறைப்பு, ஆள் உயரம், முகத்துக்கு நேரே சின்னக் கண்ணாடி. படம் எடுக்கிறவர் அதற்குப் பின்னால் நின்று நோயாளியைப் பார்த்துக்கொண்டு சுவிட்சை அழுத்துவார். அந்த வேலையில் இருந்தவர் நிமல் என்ற சிங்களவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்தலை வழுக்கை, நல்ல சிரித்த முகம். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே இரண்டு வசனம்தான், இரண்டும் தொழிலுக்கு வேண்டியது.

"அம்மா, மூச்சி புடி. நான் சொல்லு, மூச்சி உடு."

"பாருங்கோவன், இந்த வயசில என்னைப் புடி, உடு எண்டுறார்," என்று ஜெசி என் காதுக்குள் சொன்னாள்.

"நானும் கல்யாணம் கட்டின நாளில இருந்து அப்பிடித்தானே சொல்லுறன், நீ எங்க கேக்கிறாய்?"

நான் சிங்களத்தில் நிமலிடம், "தம்பி, நல்லாய் விளங்கப்படுத்துங்கள், நான் தமிழில் சொல்லுகிறேன்," என்றேன். அவர் விளங்கப்படுத்தினார். மூச்சை நிறைய இழுத்தால்தான் நெஞ்சு விரியும், பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் ஆடாது. கடைசியில் விரலைக் காட்டி ஒன்று சொன்னார். "மங் கியனகங் அரின்ட எபா." நான் சொல்லும் வரைக்கும் விட வேண்டாம். அதை அப்படியே ஜெசிக்குச் சொன்னேன், "உள்ள நிக்கிறவர் சொல்லும் வரைக்கும் மூச்சை விடாதை, கேட்டுதோ?" அவள் தலையாட்டினாள். ஜெசியைத் தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்த குளிசையை, சாப்பாடு பின்னேரம் ஆனாலும் சாப்பாட்டுக்கு முன்னே தொட மாட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்காரர் ஒன்று சொன்னால் அவளுக்கு அது சுவாமியார் சொன்னது மாதிரி.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

கரண்ட் போனது.

ஜெனரேட்டர் போட்டு நடைபாதையில் லைட் வந்தது, ஆனால் எக்ஸ்ரே மெசினுக்கு அது காணாதாம். நிமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். உள்ளே பார்த்து, "அம்மே, டிக்கக் இன்ட," கொஞ்சம் இருங்கள், என்றார். ஜெசி அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஒரு சின்ன லைட் மட்டும் எரிந்தது. அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, என்னைத் தாண்டி, படியில் ஏறி மேலே போனார். உள்ளே ஜெசியைத் தவிர வேறு ஒருத்தரும் இல்லை. ஒரே கதவு, அந்தக் கதவில் நான் நிற்கிறேன். இதை நீங்கள் எத்தனை தரம் கேட்டாலும் இதையே சொல்லுவேன்.

அந்த நேரம் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் ஒன்று போனது. சுவரெல்லாம் அதிர்ந்தது. அது போய் முடிந்து, காது தெளிந்த நேரம், உள்ளே ஜெசி கதைக்கிறது கேட்டது.

"ஓம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஓம் தம்பி, பிடிக்கிறன்."

மகளோடு போனில் கதைக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என் சட்டைப் பையைத் தொட்டேன், அவளுடைய போன் என்னிடம்தான் இருந்தது.

கதவைத் தட்டினேன். "இஞ்சரப்பா, ஆரோட கதைக்கிறாய்?" சத்தம் இல்லை. அறைக்குள்ளே அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று கதவில் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது, சிவப்பு விளக்கு வேறு. நம்புங்கள், யாருக்கும் பயந்து நின்ற ஆள் இல்லை நான், ஆனாலும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன். கரண்ட் திரும்பி வந்தது, நிமலும் படியில் இறங்கி வந்தார், கதவைத் திறந்தார்.

ஜெசி ஸ்டூலில் இல்லை. பலகையில் நெஞ்சை ஒட்டி, தாடையை மேலே தூக்கி வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, தோளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, படம் எடுக்க எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே நின்றாள். நெஞ்சு விரிந்திருந்தது. அசையவில்லை.

"அம்மே, தாம நே," என்று சிரித்தார் நிமல், இன்னும் இல்லை அம்மா என்று. "மூச்சி உடு, மூச்சி உடு."

அவள் விடவில்லை. நான் போய் முன்னால் நின்றேன். கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்த்தாள். ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கோ என்று காட்டினாள். பிறகு அந்த விரலாலேயே மூலையில் இருந்த மறைப்பைக் காட்டினாள்.

"ஜெசி, விளையாடாதை. மூச்சை விடு."

தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினாள்.

நிமலின் சிரிப்பு போய்விட்டது. "கவுத கிவ்வே?" யார் சொன்னது என்று என்னிடம் கேட்டார். "மம நெமெய் மஹத்தயா." நான் இல்லை ஐயா, நான் மேலே நின்றேன். நான் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன், கல் மாதிரி இருந்தாள். நிமல் ஓடிப் போய் டொக்டர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். போன நேரமும் வந்த நேரமும் கணக்குப் பார்த்தால், பன்னிரண்டுக்கு மேலே எண்ண முடியாத நெஞ்சு அது, நாற்பது எண்ணிய நானே இரண்டு தரம் செத்திருப்பேன். டொக்டர் வந்து குழாயை முதுகில் வைத்தது, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தது. "மூச்சே இல்ல. மூச்சே கேக்கேல்ல," என்றது தனக்குத் தானே. விரலில் கிளிப்பை மாட்டியது.

தொண்ணூற்றொன்பது.

டொக்டர் பிள்ளை அதைக் கழற்றித் தன்னுடைய விரலில் போட்டுப் பார்த்தது, தொண்ணூற்றேழு. திரும்ப ஜெசியின் விரலில் போட்டது, தொண்ணூற்றொன்பது. மூச்சு விடுகிற நேரம் தொண்ணூற்றொன்று காட்டிய விரல், மூச்சு விடாத நேரம் டொக்டரை விட நல்லாயிருக்கிறது. யாருடைய காற்றில் அவள் நிற்கிறாள்? இதைக் கேட்க எனக்கு டொக்டர் படிப்புத் தேவையில்லை. ஒரு ரியூப்பில் ஓட்டை இருந்தும் காற்று இறங்கவில்லை என்றால், எங்கேயோ இருந்து யாரோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு. உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிறது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை, ஒரு சுகமான ஆளுடைய நிதானமான மூச்சு. டொக்டர் பிள்ளைக்கும் கேட்டது, அந்தப் பிள்ளையின் முகத்தில் கண்டேன். நிமல் கதவடிக்குப் போய்விட்டார். நான் போனேன், நான்தான் போனேன், வேறு யார் போவார்கள்? மறைப்பைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவிட்ச் இருந்தது, ஒரு கதிரை இருந்தது, நிமலுடைய தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஆள் இல்லை. ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடியில், முகம் வைக்கிற உயரத்தில், மூச்சுப் பட்டு வந்த மாதிரி ஒரு வெள்ளைப் புகார் படிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது சுருங்கியது, பிறகு விரிந்தது. சுருங்கியது, விரிந்தது. எனக்கும் அந்தக் கண்ணாடிக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"அன்ரி, விடுங்கோ! ப்ளீஸ், விடுங்கோ!" டொக்டர் பிள்ளை கத்தியது. தாடையை இழுத்துப் பார்த்தது, முதுகில் அடித்தது. ஜெசியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. முதலில் பொறுங்கோ என்று காட்டியவள், இப்போது என்னைப் பார்த்த பார்வை வேறு. விட ஆசைதான், விட முடியவில்லை என்று அந்தக் கண் சொன்னது.

கண்ணாடியில் புகார் சுருங்கியது. திரும்ப விரியவில்லை. பின்னாலிருந்த மூச்சும் நின்றுவிட்டது.

"அங்கிள், இறங்குது," என்றது டொக்டர் பிள்ளை. "தொண்ணூறு... எண்பத்தாறு... நிமல், ஒக்சிஜன்!" நிமல் ஓடினார். அது வந்து என்ன செய்யும், வாயும் மூக்கும் பூட்டிக் கிடக்கிற ஆளுக்கு? ஜெசியின் உதடு நாவற்பழம் தின்றவளுடைய உதடு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

நான் என் வாழ்க்கையில் ஒருத்தரிடமும் கெஞ்சியதில்லை. வங்கி மனேஜரிடமும் இல்லை, பொலிஸிடமும் இல்லை, கலவர நேரத்தில் கடைக்கு முன்னால் வந்து நின்றவர்களிடமும் இல்லை. அந்த அறையில், ஆள் இல்லாத ஒரு கதிரைக்கு முன்னால் இரண்டு கையையும் கும்பிட்டபடி நின்றேன்.

"ஐயா, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் அவ பிடிச்சவ. நீங்கள் சொன்னாத்தான் விடுவா, அவ அப்பிடிப்பட்ட ஆள். சொல்லுங்கோ ஐயா. ஆரையாவது பிடிக்கவேணுமெண்டா என்னைப் பிடியுங்கோ. அவவை விடுங்கோ."

என் காதில் ஒன்றும் விழவில்லை, சத்தியமாக ஒன்றும் விழவில்லை. ஆனால் பின்னால் ஜெசி மூச்சை விட்டாள். பத்துச் சில்லு லொறி டயரின் வால்வைக் கழற்றினால் எப்படி ஒரு சத்தம் வரும், அப்படி நீளமாக விட்டாள். டொக்டர் பிள்ளையின் கையில் சரிந்து விழுந்து, இருமி, இழுத்து, திரும்ப இருமினாள். அந்த இருமலைக் கேட்டு நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"ஏனப்பா நிலத்தில இருக்கிறியள்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அந்த அறையில் படம் எடுக்கவில்லை. நான் எடுக்க விடவில்லை. வேறு இடத்துக்குக் கொண்டு போய் எடுத்தோம். நெஞ்சில் தண்ணீர்தான், ஊசி போட்டு இழுத்து எடுத்தார்கள், சோதித்துப் பார்த்ததில் அக்காவுக்கு இருந்த நோய் இல்லை. மருந்தை நேரம் தவறாமல் குடித்தாள், அவளைப் பற்றித்தான் சொன்னேனே. இன்றைக்குக் கோயில் படியில் எனக்கு முன்னால் ஏறுகிறாள். டொக்டர் பிள்ளையிடம் பிறகு கேட்டேன், பயத்தில் சிலருக்குத் தொண்டை இறுகுமாம், நேரம் நீளமாகத் தெரியுமாம், கிளிப் சில நேரம் பிழை காட்டுமாம். "அப்ப கண்ணாடி, பிள்ளை?" என்றேன். "நான் கண்ணாடியைப் பாக்கேல்ல அங்கிள்," என்றது, என்னைப் பார்க்காமல். நிமலை ஒரு தரம் காலி வீதியில் கண்டேன், கையில் புதிதாக, பிக்கு ஓதிக் கொடுக்கிற பிரித் நூல் கட்டியிருந்தார். கையைக் காட்டிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

ஜெசியும் அந்த நாளைப் பற்றி நெடுநாள் கதைக்கவில்லை. கேட்டால், "ஒரு தம்பி மூச்சைப் பிடியுங்கோ அம்மா எண்டு நல்ல தமிழில சொன்னவர், புதுசா வந்த தமிழ் ஆளாக்கும் எண்டு நினைச்சன்," என்று சொல்லி நிறுத்திவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் உடைத்துக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்.

"நீங்கள் கும்பிட்டபிறகு அவர், சரி அம்மா, விடுங்கோ எண்டவர்."

"அது தெரியுந்தானே."

"பிறகு இன்னொண்டும் சொன்னவர்."

"என்னது?"

இறாலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஐயாவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்கோ, பிறகு கூப்பிடுறன் எண்டவர்."

நான் சிரித்தேன். என்னைக் கூப்பிட்டு யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு பெரிய கதையும் கதைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. தெஹிவளையில் ஒரு பல் வைத்தியர், மாடியில் அறை. காலையிலேயே போய்விட்டோம், நாங்கள்தான் முதல் ஆட்கள். வெளியே கதவிருந்த சுவரோடு போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தோம். காகம் கத்துகிறது, கீழே பஸ் சத்தம், நல்ல வெளிச்சம், ஒரு பயமும் இல்லை. கதவுக்கு உள்ளேயிருந்து, "ஐயா, நீங்கள் உள்ளுக்கு வாங்கோ," என்று ஒரு குரல். தெளிவான, மரியாதையான தமிழ். இந்த முறை என் இரண்டு காதாலும் கேட்டேன். நான் எழும்பி, சாரத்தைச் சரி பண்ணிக்கொண்டு, ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஜெசி என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். அவளுடைய நகம் என் தோலுக்குள் இறங்கியது. தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். அப்படியே இருந்தோம். குரல் திரும்ப வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை செய்கிற பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்தது. "சொறி அங்கிள், பஸ் பிந்திப்போச்சு. நேரத்தோடயே வந்திட்டியளா?" என்று கேட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து, வெளியே தொங்கிய ஆமைப்பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியது. உள்ளே இருட்டு.

நாங்கள் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.